குளிரின் பதம்

மார்டினிக்கு வேண்டியவை மூன்று: ஜின், வெர்மூத், குளிர். எலுமிச்சைத் தோலும் ஒலிவ் காயும் அதற்குப் பிறகுதான். முதல் இரண்டையும் காசு கொடுத்தால் கடையில் எடுத்துவிடலாம். குளிரை மட்டும் ஒவ்வொரு கிளாஸுக்கும் புதிதாக உண்டாக்க வேண்டும். அந்த வேலை கைவந்த ஒருவர் இலங்கை மலையகத்தில் நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே ஒரு பழைய துரை பங்களாவில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுத்தான் கினிகத்தேனையிலிருந்து பஸ் ஏறினேன்.

பங்களா இப்போது வெளிநாட்டார் வந்து தங்கும் விடுதி. அவர் அங்கே பார்மேன். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். தாத்தா இதே பங்களாவில் அப்புவாக, அதாவது துரை வீட்டுத் தலைமைப் பணியாளராக இருந்தவர். அப்பா மேசை பரிமாறியவர். அம்மாவும் மனைவியும் மலையில் கொழுந்து எடுத்தவர்கள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அண்ணன் என்றே எழுதுகிறேன், அங்கே நான் அவரை அழைத்ததும் அப்படித்தான்.

மாலை ஆறரைக்குக் குடிக்கும் பானத்துக்கு அண்ணன் முதல் நாளே வேலையைத் தொடங்கிவிடுகிறார். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, மூடியில்லாத ரெஜிபோம் பெட்டியில் ஊற்றி ஃப்ரீசரில் வைக்கிறார். பெட்டியின் பக்கங்களும் அடியும் குளிரை உள்ளே விடாது. மேலிருந்து மட்டும் தண்ணீர் மெதுவாக உறைந்துகொண்டே இறங்கும். உறையும்போது ஐஸ் தன்னிடமுள்ள காற்றையும் கசடையும் கீழே தள்ளிக்கொண்டு போகும். முழுவதும் உறைவதற்கு முன்பே எடுத்துக் கவிழ்த்து, அடியிலுள்ள வெளுத்த பகுதியை வெட்டிவிட்டால் மிஞ்சுவது கண்ணாடிபோலத் தெளிந்த பாளம். பாண் வெட்டும் கத்தியால் அதில் கோடு கிழித்து, கத்தியின் முதுகில் மரச்சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. பாளம் கோட்டோடு பிளந்தது. தெளிந்த ஐஸ் வெறும் அழகுக்கு இல்லை. காற்றுக்குமிழி குறைந்த கட்டி சீக்கிரம் நொறுங்காது, பானத்தில் கண்டபடி தண்ணீர் விடாது.

கட்டிகளை ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் அவர் பயன்படுத்துவதில்லை. மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கேட்காமலே காரணம் சொன்னார்:

“எடுத்த கையோட ஜின்ன ஊத்துனா டப்புனு வெடிச்சிரும் தம்பி. மேல படிஞ்ச வெள்ளை போயி பளபளன்னு வரணும். ஆனா தண்ணி தேங்கி நிக்கக்கூடாது. அந்த நேரம் கொஞ்சந்தான்.”

அந்தக் கொஞ்ச நேரத்தைப் பிடித்தார். கட்டிகளைக் கலக்கும் கிளாஸில் இட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, கசிந்த நீரை வடித்துக் கொட்டினார். பிறகு வெர்மூத், அதன்மேல் ஜின். நீண்ட கரண்டியின் முதுகு கிளாஸின் உட்சுவரைத் தொட்டபடியே ஓடியது. ஐஸ்கட்டிகள் எல்லாம் ஒரே உருண்டையாகச் சுழன்றன. சத்தம் இல்லை. சத்தம் வந்தால் கட்டிகள் ஒன்றோடொன்று மோதுகின்றன, சில்லு உடைகிறது என்று அர்த்தம். எத்தனை சுற்று என்று அவர் எண்ணவில்லை. கிளாஸின் வெளிப்புறத்தில் புறங்கையை வைத்துப் பார்க்கிறார். சிறு குழாயால் ஒரு துளி எடுத்து நாக்கில் விடுகிறார். அதிரசத்துக்குப் பாகு எடுக்கிறவர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பாரே, அந்தக் கவனம். பதம் ஒன்று உண்டு. அதற்கு முன்னால் பானம் காரம், அதைத் தாண்டினால் சப்பென்று ஆகிவிடும்.

இதில் இருக்கும் பௌதிகம் எனக்கு மிகவும் பிடித்தது. ஐஸ் உருகினால்தான் பானம் குளிரும். ஒரு கிராம் ஐஸ் உருகும்போது ஏறத்தாழ 80 கலோரி வெப்பத்தைச் சுற்றியிருப்பதிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. மதுசாரம் கலந்திருப்பதால் பானம் பூச்சியத்துக்கும் கீழே சில பாகை இறங்கும், ஆனாலும் உறையாது. ஆகவே உருகிவரும் தண்ணீரும் இந்தப் பானத்தின் ஒரு சரக்கு. ஊற்றிய அளவில் சுமார் நாலில் ஒரு பங்கு தண்ணீர் சேர்ந்த பிறகுதான் நாற்பது சதவீத ஜின்னின் முரட்டுத்தனம் அடங்கி, ஜூனிப்பர் காயின் பைன்மர வாசம் எழும்பி வருகிறது. பாட்டிலோடு உறையவைத்த ஜின்னைக் கிளாஸில் நேராக ஊற்றித் தருகிறவர்கள் குளிரைக் கொடுக்கிறார்கள், தண்ணீரைக் கொடுப்பதில்லை. அது என் நாக்குக்கு ஒத்துவரவில்லை.

குலுக்குவது வேறு வழி. 1953இல் வந்த ‘கசினோ ரோயல்’ நாவலில் ஜேம்ஸ் பாண்ட் தன் பானத்தைக் குலுக்கித் தரச் சொன்ன பிறகு, உலகம் முழுவதும் மதுக்கூடத்துக்கு வருகிறவர்கள் அதையே கேட்கத் தொடங்கினார்கள். குலுக்கினால் சீக்கிரம் குளிரும். காற்றுக்குமிழியும் ஐஸ் தூளும் புகுந்து பானம் மங்கும், தண்ணீரும் கூடும். எலுமிச்சைச் சாறோ முட்டையோ சேரும் பானத்துக்கு அது பொருந்தும். வெறும் ஜின்னுக்கும் வெர்மூத்துக்கும் கரண்டிதான் சரி. விருந்தினர் கேட்டால் அண்ணன் முகம் சுளிக்காமல் குலுக்கித் தருகிறார்.

இந்தப் பானத்தை நோட்டன் பிரிட்ஜில் வந்து பார்க்க எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது: ஃப்ரீசரை ஓட்டும் மின்சாரம். பங்களாவின் முன்வாசலில் நின்றால் கீழே கெஹெல்கமு ஓயாவை மறித்துத் தேக்கிய நீர் தெரியும். இலங்கையின் பெரிய நீர்மின் திட்டங்களின் கதை இந்தப் பள்ளத்தாக்கில் தொடங்கியது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே இந்த ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக் கட்டுரை படித்தார். 1920களில் தொடங்கிய வேலை பணமில்லாமல் நின்றது. லக்ஷபான மின்நிலையம் கடைசியில் 1950இல் இயங்கத் தொடங்கியது. அவர் 1953இல் காலமானார், தன் கனவு ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான். மேலே காசல்ரீயில் தேங்கும் நீர் சுரங்கம் வழியாக வந்து, 1965இல் திறந்த அவர் பெயர்கொண்ட மின்நிலையத்தைச் சுற்றிவிட்டு இந்த நீர்த்தேக்கத்தில் விழுகிறது.

வெப்பநாட்டில் ஐஸ் ஒரு காலத்தில் கப்பலில் வந்த பொருள். பாஸ்டன் வியாபாரி ஃபிரடெரிக் டியூடர் அமெரிக்கக் குளங்களில் அறுத்த ஐஸைச் சென்னைக்கு அனுப்பி, அதைச் சேமிக்க 1842இல் கடற்கரையில் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். இந்தப் பங்களாவில் தாத்தா காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய குளிர்பெட்டி ஒன்று இருந்ததாகவும், அதில் கிடைத்த ஒரு தட்டு ஐஸைத் துரை வீட்டு விருந்துக்குத் தாத்தா எண்ணி எண்ணிச் செலவழித்ததாகவும் அண்ணன் சொன்னார். பிறகு மின்சாரம் பங்களாவுக்கு வந்தது. கீழே தொழிலாளர் லயங்களுக்கு அது வர இன்னும் பல வருடங்கள் ஆயின. அண்ணன் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவர். தலைக்கு மேலே கம்பியில் மின்சாரம் கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தது.

மார்டினியின் வயதும் இந்தத் தேயிலை மலைகளின் வயதும் ஏறத்தாழ ஒன்று. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867. இலைநோய் காப்பியை அழித்தபின் தேயிலை மலைமலையாக ஏறியது. 1884இல் ரயில் ஹட்டனைத் தொட்டது. அதே 1884இல் அமெரிக்காவில் ஓ. எச். பைரன் வெளியிட்ட பானக் கையேட்டில் ‘மார்ட்டினெஸ்’ என்ற கலவை அச்சேறியது. மார்டினியின் மூதாதை அதுதான் என்று பலரும் கருதுகிறார்கள். அந்தக் காலத்துக் கலவையில் இனிப்பு வெர்மூத் தாராளமாக இருந்தது. பத்தாண்டுக்குப் பத்தாண்டு இனிப்பு போய் உலர்ந்த வெர்மூத் வந்தது, அதுவும் சுருங்கிக்கொண்டே போனது. திரைப்பட இயக்குநர் லூயிஸ் புனுவெல் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கும் முறையில், வெர்மூத்தை ஐஸ்மேல் சில துளிகள் விட்டுக் கொட்டிவிட்டு, ஐஸில் ஒட்டியிருக்கும் வாசத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஜின்னை ஊற்ற வேண்டும்.

வெர்மூத்தை மக்கள் வெறுத்ததற்கு ஒரு எளிய காரணம் உண்டு என்று அண்ணன் நினைக்கிறார், நானும் அதை நம்புகிறேன். அது மூலிகை ஊறிய வைன். திறந்தபின் அலமாரியில் மாதக்கணக்கில் நின்றால் கெட்டுப்போகும். கெட்டதைக் குடித்தவர்கள் “கொஞ்சமா ஊத்து” என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அது இல்லாமலே போயிற்று. அண்ணன் பாட்டிலில் திறந்த தேதியை எழுதி ஒட்டி, குளிர்பெட்டியில் வைக்கிறார். பழையதானால் சமையலறைக்குப் போய்விடும்.

ஜின் உள்ளூர்தான். ரொக்லண்ட் நிறுவனத்தின் ‘கொழும்பு நம்பர் 7’. இரண்டாம் உலகப் போரில் இறக்குமதிச் சரக்கு தடைபட்டபோது, இங்கே கிடைத்த கறுவாப்பட்டை, இஞ்சி, கறிவேப்பிலை ஆகியவற்றைச் சேர்த்து அந்தச் செய்முறை பிறந்ததாக நிறுவனம் சொல்கிறது. கறிவேப்பிலை தனியாக நாக்கில் தெரியாது. ஆனால் முதல் வாய் விழுங்கியபின் தொண்டையில் மெல்லிய கறுவாச் சூடு நிற்கிறது. அது எனக்கு இந்த மண்ணின் பானமாகத் தோன்றியது அந்த இடத்தில்தான்.

அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. தென்மேற்குப் பருவக்காற்றின் நேர்ப்பாதையில் இருக்கிற ஊர். விறாந்தையில் உட்கார்ந்து குடித்தேன். கிளாஸ் சிறியது. தண்டைப் பிடித்துக் குடிக்கிற கிளாஸ், உள்ளங்கைச் சூடு பானத்தில் ஏறாது. எலுமிச்சைத் தோலை முறுக்கியபோது தெறித்த எண்ணெய் பானத்தின் மேலே ஒரு வட்டமாகப் படர்ந்திருந்தது. முதலில் மூக்குக்கு எலுமிச்சை, பிறகு உதட்டுக்குக் குளிர், பிறகுதான் சுவை. நடுவில் பானம் லேசாகச் சூடேற ஏறப் பைன் வாசம் முன்னால் வரும், வெர்மூத்தின் கசப்பு பின்னால் வரும். ஒரே கிளாஸில் மூன்று பானம். பெரிய கிளாஸில் கொடுத்தால் கடைசிப் பாதி வெதுவெதுத்துப்போய் இந்த இன்பம் கெட்டுவிடும். இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, அதுவும் சிறியதாக என்ற பழைய ஒழுங்கை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

லயங்களில் குடி வேறு கதை. சாராயமும் கசிப்பும் தின்ற குடும்பங்கள் ஒவ்வொரு டிவிசனிலும் உண்டு, அண்ணனின் சித்தப்பா குடும்பம் அதில் ஒன்று. அவரே அதைப் பேச்சில் எடுத்தார். விடுதியின் விலைப்பட்டியலில் ஒரு மார்டினியின் விலை, 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயித்த 1350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தைவிட அதிகம். இதை அறிந்துகொண்டேதான் அவர் அதைக் கலக்குகிறார், நான் குடிக்கிறேன். சம்பளம் உயர வேண்டும் என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

எனக்கு ஆற்றாமை இன்னொன்றிலும் உண்டு. சிங்கப்பூர் ரஃபிள்ஸ் ஹோட்டலில் ‘சிங்கப்பூர் ஸ்லிங்’ பானத்தை உருவாக்கியவராகச் சொல்லப்படுபவர் ஙியாம் தோங் பூன் என்ற ஹைனான் சீனர். நூறு வருடம் கழித்தும் பெயர் நிற்கிறது. நம் மலைகளில் துரைமார் பங்களாக்களிலும் கிளப்புகளிலும் ஒன்றரை நூற்றாண்டாகக் கலக்கி ஊற்றிய தமிழ்க் கைகளில் ஒன்றின் பெயர்கூட எந்தப் பானத்தோடும் ஒட்டிக்கொள்ளவில்லை. துரைமாரின் நினைவுக்குறிப்புகளில் அவர்கள் அப்பு, அவ்வளவுதான். தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு பலர் கப்பலேறி நீலகிரிப் பக்கம் போனார்கள், அறிந்ததைக் கையோடு எடுத்துக்கொண்டு. அண்ணனின் தாத்தா இனிப்புக் குறைத்து, வெர்மூத்தைக் கூட்டி ஒரு கணக்கு வைத்திருந்தாராம். அது எழுதிவைக்காததால் அவரோடு போயிற்று.

அடுத்த கை யாருடையது என்று கேட்டேன். மகள் என்றார். கொழும்பில் ஒரு ஹோட்டலில் வரவேற்பில் வேலை செய்கிறாள், லீவில் வந்திருந்தாள். பெண்கள் மது வாங்கவும் மதுக்கூடங்களில் வேலை செய்யவும் இருந்த பழைய தடையை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பப் பெறவைத்தார். அந்த வாரம் வீட்டில் முதலில் மகிழ்ச்சியும் பிறகு மௌனமும் இருந்ததாக அவள் சொன்னாள்.

ஆனாலும் கற்றுக்கொண்டிருக்கிறாள். லயத்து அடுப்படியில், ஜின்னுக்குப் பதில் பிளேன்டீயை வைத்து. நல்ல சாயமான தேநீர் குளிரக் குளிர மங்கலாகும். அப்படி மங்குவது சாயத்தின் திடத்துக்கு அடையாளம் என்று தேநீர் ருசி பார்ப்பவர்கள் சொல்வார்கள். அண்ணன் அதையே மகளுக்கு அளவுகோலாக்கினார். எந்த இடத்தில் மங்கத் தொடங்குகிறது, அப்போது கிளாஸின் வெளிப்புறம் கைக்கு எப்படி இருக்கிறது என்று மாறி மாறிப் பார்த்து, இப்போது கண்ணை மூடிக்கொண்டே சொல்கிறாள். எலுமிச்சைத் தோலை வெள்ளைப் பகுதி ஒட்டாமல் எடுப்பதில் அப்பாவைவிடக் கெட்டிக்காரி. கொழுந்து எடுத்த அம்மாவின் விரல்.

வெர்மூத் விஷயத்தில்தான் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. அண்ணன் ஆறு பங்கு ஜின்னுக்கு ஒரு பங்கு ஊற்றுகிறார், விருந்தினர் அதைத்தான் கேட்கிறார்கள் என்கிறார்.

“அவுங்க கேக்குறாங்கன்னு நீங்க ஊத்துறீங்க. உங்க தாத்தா ஊத்துனது இது இல்லன்னு நீங்கதானப்பா சொன்னீங்க?” என்றாள் மகள். “நாலுக்கு ஒண்ணு வச்சுப் பாருங்க. பாட்டிலு புதுசாத்தான இருக்கு.”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மகள் பக்கம் என்றேன். நாலுக்கு ஒன்று போட்டு இரண்டாவதாக ஒரு சின்னக் கிளாஸ் கலக்கினார்கள், இந்தமுறை கரண்டி மகளின் கையில்.