கால் வைத்தால் ஓடும் வெளிச்சம்

குரோம்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தும் நண்பருக்கு ஒரு கவலை. கலைவிழாவை ஒட்டி அவர் துறை வைக்கும் கண்காட்சிக்கு மாணவர்கள் வருவதில்லை. வருகிறவர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டு கேன்டீனுக்கு நழுவிவிடுகிறார்கள். இந்த வருடம் ஆள் வந்தால் உயிர் பெறும் விளக்கு அமைப்பு ஒன்றை வாசலில் வைப்பதாகத் திட்டம். வேலை நகரத்து ஈவென்ட் கம்பெனி ஒன்றுக்குப் போயிருக்கிறது. "நிஜமா செய்யறவரைப் பார்க்கணும்னா பொழிச்சலூர் போ" என்றார் நண்பர்.

பொழிச்சலூர் என்றால் பலருக்கும் அகத்தீஸ்வரர் கோயில்தான். வடதிருநள்ளாறு என்று பெயர் வாங்கிய சனி தலம். சனிக்கிழமை போனால் வண்டி நிறுத்த இடம் இருக்காது. நான் தேடிப் போனது ஒரு தகரக் கொட்டகை. வாசலில் இரும்புச் சட்டத்தில் மயில், பிள்ளையார், தாமரை சாய்த்து வைத்திருந்தது. கரண்ட் இல்லாதபோது எல்லாமே ஒயர் சுற்றிய கம்பிதான். எது பிள்ளையார் என்று கண்டுபிடிக்கவே நேரமானது.

அங்கே விளக்கு செய்கிற அண்ணனுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பள்ளியை விட்டதும் மைக் செட் கடையில் சேர்ந்தவர். அப்போது சீரியல் செட் என்றால் 6 வோல்ட் பல்புகளை வரிசையாகக் கோத்து 230 வோல்ட்டைப் பங்கு போடுவது. ஒரு சரத்துக்கு 38 பல்பு. ஒன்று போனால் சரமே அணைந்துவிடும். சவுக்குக் கம்பத்தில் ஏறி, சாமி தெருமுனை திரும்புவதற்குள் செத்த பல்பைக் கண்டுபிடிப்பதுதான் பையனாக அவர் பார்த்த வேலை.

பேச்சு நடுவில் பரணிலிருந்து எதையோ இறக்கினார். அதற்குப் பிறகு கல்லூரி வேலையைப் பற்றிக் கேட்க எனக்கு வெகுநேரம் தோன்றவில்லை. கடைசல் பிடித்த மர உருளை, அதன் மேல் வெட்டி அடித்த பித்தளைத் தகடுகள், பக்கத்தில் வரிசையாகப் பித்தளை நாக்குகள். மோட்டார் உருளையைச் சுற்ற, எந்த நாக்கு தகட்டைத் தொடுகிறதோ அந்த வரிசை எரியும். தகடு முடிந்தால் அணையும். தோகை விரிய வேண்டுமென்றால் தகட்டைப் படிப்படியாக நீளம் கூட்டி வெட்ட வேண்டும். மேற்கு வங்கத்தில், புதுச்சேரி போலவே பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த சந்தன்நகரில், ஜகத்தாத்ரி பூஜை விளக்குகள் பெயர் பெற்றதும் இப்படிப்பட்ட உருளைகளால்தான். அண்ணன் மோட்டாரைப் போட்டார். பொறி பறந்தது, ஓசோன் வாடை வந்தது.

"வேகம்தான் சார் இதுல விஷயம். சாமி வர்ற நடைக்கு லைட் ஓடணும். அதுக்கு மேல ஓடுனா ஜனம் லைட்டைத்தான் பார்க்கும், சாமியைப் பார்க்காது."

இப்போது எல்லாம் பிக்சல். ரிச்சி ஸ்ட்ரீட்டில் சரம் சரமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு விளக்குக்குள்ளும் ஒரு சிப். ஆயிரம் விளக்குக்கு உத்தரவு போய்ச்சேர ஒரு செகண்டில் நூற்றில் மூன்று பங்கு போதும். புரோகிராம் எழுதுவது பாலிடெக்னிக் முடித்த அக்கா மகன். அவன் விளக்கியது எனக்குப் பிடிபடவில்லை, விட்டுவிடுகிறேன்.

கம்பெனி கொடுத்த வரைபடத்தில் இரண்டு கோளாறு. முதலாவது, வானத்தைப் பார்த்து அடிக்கும் லேசர். விமான நிலையம் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊரில் அதை நினைக்கவே கூடாது. இரண்டாவது, ஆளைக் கண்டுபிடிக்க பி.ஐ.ஆர். சென்சார். அது பார்ப்பது உடம்புச் சூட்டுக்கும் பின்னணிச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. சென்னை வெக்கையில் அந்த வித்தியாசமே குறைந்துவிடும். போதாததற்கு, ஒருமுறை எரிய விட்டால் சில விநாடிகள் கழித்துத்தான் அடுத்த ஆளைக் கவனிக்கும். "காலேஜ் பசங்க நிப்பாங்களா? கையை ஆட்டுவான், ஒண்ணும் நடக்கலன்னா போய்டுவான்."

அதனால் அண்ணன் பாய் செய்தார். இரண்டு அலுமினிய ஃபாயில், நடுவே ஓட்டை போட்ட ஸ்பான்ச், மேலே ரெக்சின். கால் பட்டால் ஓட்டை வழியாக இரண்டு ஃபாயிலும் ஒட்டும். விளக்கு அந்தக் கணமே ஓடத் தொடங்கும், நடக்கிற வேகத்தில். மொத்தம் ஐந்து பாய், ஒருவரே இரண்டை மிதிக்க முடியாத இடைவெளியில். ஐந்திலும் ஆள் நின்றால்தான் மயில் தோகை விரிக்கும். நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆளைக் கத்திக் கூப்பிட்டே ஆக வேண்டும். கூட்டம் சேர்க்கும் வழியை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஆயிரம் பிக்சலும் முழு வெள்ளையில் எரிந்தால் 5 வோல்ட்டில் 60 ஆம்பியர். சரத்தின் கடைசியில் வோல்ட் இறங்கி வெள்ளை பழுப்பாகிவிடும் என்பதால் இரண்டு முனையிலும் கரண்ட் கொடுக்கிறார். பிறகு போன் கேமராவில் பார்க்கிறார். கண்ணுக்குத் தெரியாத துடிப்பு படத்தில் கோடு கோடாக விழுந்தால் பையன்கள் ரீல்ஸ் போட மாட்டார்கள்.

மருமகன் போனில் ஒரு வீடியோ காட்டினான். மெக்சிகோவில் பிறந்த ரஃபேல் லொசானோ ஹெம்மர் 2006 இல் செய்த 'பல்ஸ் ரூம்'. கம்பியைப் பிடித்தால் நம் இதயத் துடிப்பில் பல்பு மினுங்கும். அடுத்தவர் வந்து பிடித்ததும் நம் துடிப்பு பக்கத்து பல்புக்கு நகரும். 2007 இல் வெனிஸ் பியன்னாலே வரை போன வேலை. அண்ணன் முழுதும் பார்த்தார். "ஒண்ணு தள்ளி ஒண்ணு போவுது. நம்ம ரன்னிங்தான் இது" என்றார். மட்டம் தட்டிச் சொல்லவில்லை. தொழில்காரர் தொழில்காரரை அடையாளம் கண்டுகொண்ட குரல்.

நண்பர் காட்டிய கம்பெனி கொட்டேஷனை நினைத்தால் எரிச்சலாக வருகிறது. 'கருத்துருவாக்கம்' என்று ஒரு தொகை. 'பார்வையாளர் அனுபவம்' என்று இன்னொரு தொகை. மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி. அடியில், போக்குவரத்தோடு சேர்த்து ஒரே வரியில் 'கூலி'. பாயை யோசித்தவர், வேகத்தைத் தீர்மானித்தவர், லேசரை நிறுத்தியவர் எல்லாம் அந்தக் கடைசி வரிக்குள் அடக்கம். யோசனைக்கு விலை உண்டு என்பது இவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. அந்த விலையைத் தங்களுக்கே போட்டுக்கொள்கிறார்கள். சிறுதொழில் செய்கிறவருக்கு 45 நாளுக்குள் பணம் வந்துவிட வேண்டும் என்று 2006 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பதிவுச் சான்றும் இல்லாமல், வாட்ஸ்அப்பில் பேசி முடிக்கிற வேலைக்கு அண்ணன் எந்தச் சட்டத்தைக் காட்டுவது? போன வருட வேலை ஒன்றுக்கே பாக்கி நிற்கிறது. கேட்டால் அடுத்த ஆர்டர் வராது.

வாசலில் வைக்கும் போர்டில் அவர் பெயரைப் போடுவதாக நண்பர் சொல்லியிருக்கிறார். அதைச் சொன்னேன்.

"பேரு எதுக்கு சார்? போன் நம்பரைப் போடச் சொல்லுங்க."

கம்பெனி ஒத்துக்கொள்ளாது என்கிறார் நண்பர். துறைத் தலைவரிடம் கடிதம் கொடுத்துப் பார்ப்பாராம்.