பட்டியலில் அடங்காத தரிசனம்

நாயன்மார் வரலாற்றில் நட்புக்கு இலக்கணமாக நிற்பவர்கள் சுந்தரமூர்த்தி நாயனாரும் சேரமான் பெருமாள் நாயனாரும் ஆவர். இறைவனையே தோழனாகப் பெற்ற சுந்தரரைத் 'தம்பிரான் தோழர்' என்று உலகம் போற்றுகிறது. அவருக்கே 'சேரமான் தோழர்' என்ற பெயரும் உண்டு. கொடுங்கோளூரிலிருந்து ஆட்சி புரிந்த சேரமான், தில்லைக் கூத்தனை வணங்கியபின் திருவாரூர் வந்து சுந்தரரைக் கண்டார். பின்னர் இருவரும் ஒன்றாகப் புறப்பட்டுத் திருமறைக்காடு, கோடிக்குழகர், மதுரை, திருப்பரங்குன்றம், குற்றாலம், நெல்வேலி, இராமேச்சுரம் எனப் பல தலங்களை வணங்கியதைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் பாடியிருக்கிறார்.

அந்த வழியிலேயே ஒருமுறை சென்றுவர வேண்டும் என்ற எண்ணம், திருவாரூரில் ஒரே பள்ளியில் ஒரே பலகையில் அமர்ந்து படித்த இரு நண்பர்களுக்கு, அவர்களுடைய அறுபத்தெட்டாம் வயதில் ஏற்பட்டது. ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மற்றவர் அரசு அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றியவர். இன்றும் நாள் தவறாமல் வரவு செலவு எழுதுபவர்.

எண்ணம் தோன்றியதற்கு ஒரு காரணம் இருந்தது. ஆசிரியருக்குக் கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய். பார்வை நரம்பைச் சிறுகச் சிறுகத் தேய்க்கும் நோய் அது. ஓரங்களிலிருந்து பார்வை குறுகிக்கொண்டே வந்து, குழாய் ஒன்றின் வழியே உலகைப் பார்ப்பதுபோல் ஆகிவிடும். சொட்டு மருந்து இருப்பதைக் காக்குமே தவிர, போனதைத் திருப்பித் தராது. ஆசிரியரின் நோய் காலங்கடந்தே கண்டுபிடிக்கப்பட்டது. மருத்துவர் நாள் குறித்துச் சொல்லவில்லை. ஆனால் பார்க்க விரும்புவதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

அதைக் கேட்ட அன்றிரவே கணக்கர் ஒரு பட்டியல் தயாரித்தார். ஐந்து நாள், இருபத்திரண்டு கோயில்கள். எந்தக் கோயில் எத்தனை மணிக்குத் திறக்கும், எப்போது நடை சாத்தும், அடுத்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கட்டம் போட்டு எழுதினார். நண்பனின் கண் மங்குவதற்குள் அவ்வளவையும் காட்டிவிட வேண்டும் என்ற தவிப்பு அந்தக் கட்டங்களில் இருந்தது.

பங்குனி முதல் வாரத்தில் ஒரு விடியற்காலை, கணக்கரின் பழைய காரில் இருவரும் புறப்பட்டனர். தியாகராஜப் பெருமானைத் தரிசித்துவிட்டுக் கீழ்வேளூர், அங்கிருந்து நாகைக் காரோணம். ஒவ்வொரு கோயிலிலும் கணக்கர் முன்னே நடந்தார். "வா, வா, தீபாராதனை நடக்கிறது" என்று கையைப் பிடித்து இழுத்தார். திருநீறு பெற்று வெளியே வந்ததும் பட்டியலில் ஒரு குறி போட்டார். ஆசிரியர் எல்லாவற்றுக்கும் தலையசைத்தபடி பின்னே வந்தார்.

திருமறைக்காடாகிய வேதாரண்யத்தை அவர்கள் அடைந்தபோது நண்பகல் கடந்து நடை சாத்தியிருந்தார்கள். மாலை நான்கு மணிக்கு மேல்தான் திறப்பார்கள் என்று பூக்கட்டும் அம்மையார் ஒருவர் சொன்னார். பட்டியல் முதல் நாளிலேயே பிழைபட்டதில் கணக்கருக்குப் பெரும் வருத்தம். ஆசிரியரோ சிரித்தார்.

"இந்த ஊர்க் கதவுக்காக அப்பர் பெருமானே காத்து நின்றிருக்கிறாரப்பா. வேதங்கள் பூட்டிச் சென்ற கதவு அவர் பதிகத்தின் முடிவில்தான் திறந்தது. சம்பந்தர் பாடியதும் முதற்பாட்டிலேயே மூடிக்கொண்டது. நமக்கு நாலு மணி நேரம் என்ன பெரிது?"

கோபுரவாசலின் நிழலில் துண்டை விரித்து அமர்ந்தார்கள். கட்டிக்கொண்டு வந்த புளியோதரையைப் பகிர்ந்து உண்டார்கள். பேச்சு காலையில் கண்ட கோயில்களைப் பற்றித் திரும்பியது.

"நீலாயதாட்சி அம்மனுக்கு இன்றைக்கு என்ன அழகான அலங்காரம்! அந்தப் பட்டின் நிறத்தைக் கவனித்தாயா?" என்றார் கணக்கர்.

ஆசிரியர் உடனே விடை சொல்லவில்லை. கையிலிருந்த தொன்னையை ஓரமாக வைத்தார்.

"நான் அம்மனையே பார்க்கவில்லையப்பா."

கணக்கருக்கு முதலில் புரியவில்லை. ஆசிரியர் நிதானமாக விளக்கினார். வெயிலிலிருந்து இருட்டான உள்மண்டபத்துக்குள் நுழைந்தால், மற்றவர்களுக்கு ஓரிரு நிமிடங்களில் கண் பழகிவிடும். அவருக்கு நெடுநேரம் ஆகும். அதுவரை கருப்புத்தான். கருப்பினுள் ஒரு சுடர் அசைவது தெரியும். அந்தச் சுடரைச் சுற்றி உருவம் கூடிவருவதற்குள் கணக்கர் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்துவிடுவார்.

"தியாகராஜரையும் பார்க்கவில்லை, கீழ்வேளூரிலும் பார்க்கவில்லை. உன் பட்டியலில் மூன்று குறி விழுந்திருக்கிறது. என் கண்ணில் ஒன்றும் விழவில்லை."

"ஏன் அங்கேயே சொல்லவில்லை?"

"நீ அவ்வளவு ஆசையாகக் காட்டிக்கொண்டிருந்தாயே!"

கணக்கர் நெடுநேரம் பேசவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பிறர் கணக்கில் பிழை கண்டவர், தம் கணக்கில் இவ்வளவு பெரிய பிழை இருந்ததை அறியவில்லை. சட்டைப்பையிலிருந்து பட்டியலை எடுத்தார். நான்காக மடித்துக் காரின் இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தார்.

நான்கு மணிக்கு நடை திறந்தது. இருவரும் உடனே சன்னிதிக்குச் செல்லவில்லை. மகாமண்டபத்து இருட்டில் ஒரு தூணருகே அமர்ந்தார்கள். கால்மணி நேரம் சென்றது. அரைமணி நேரமும் சென்றது. கூட்டம் வந்தது, போனது. அர்ச்சகர் விசாரித்தார், காரணத்தைச் சொன்னதும், "அவசரமில்லை, கண் பழகியதும் வாருங்கள்" என்று சொல்லி, அவர்களுக்காகவே தீபத்தைச் சற்று நேரம் உயர்த்திப் பிடித்தார்.

சிவலிங்கத் திருமேனிக்குப் பின்னே, அகத்தியருக்கு அருளிய திருமணக் கோலத்தில் அம்மையும் அப்பனும் நிற்பதை ஆசிரியர் கண்டார். ஒரே நோக்கில் அவரால் காண இயலாது. முதலில் ஒரு திருமுகம், அடுத்து ஒரு தோள், பிறகு அம்மையின் கை என ஒவ்வொன்றாகக் கண்டு மனத்துக்குள் கூட்டிக்கொண்டார். கண்ணீர் வழிந்தது. துடைத்தால் பார்க்கும் நேரம் வீணாகும் என்று துடைக்கவும் இல்லை.

பிராகாரத்தில் சரஸ்வதியின் முன் நின்றவர், "இவள் கையில் வீணை இல்லையே?" என்றார். இத்தலத்து அம்பிகைக்கு 'யாழைப் பழித்த மொழியாள்' என்பது திருநாமம். அவள் குரலினிமைக்கு முன் வீணை எதற்கென்று, கலைமகள் இங்கே சுவடியோடு இருக்கிறாள். கணக்கர் இக்கோயிலுக்குப் பலமுறை வந்தவர். வீணை இல்லாததை அன்றுவரை அவர் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை கோடிக்கரைச் சாலை. அகத்தியம்பள்ளியைத் தாண்டினால் இருமருங்கும் உப்பளங்கள். 1930 ஏப்ரலில் இராஜாஜியின் தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து கால்நடையாகவே வந்த தொண்டர்கள் உப்பு எடுத்த மண் அது. கணக்கர் வண்டியை மெதுவாக ஓட்டியபடி, பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். "வலப்பக்கம் பாத்தி பாத்தியாகத் தண்ணீர். வானம் அப்படியே அதில் தெரிகிறது. அதோ உப்புக் குவியல். வெள்ளை என்று சொல்ல முடியாது, ஓரத்தில் இளஞ்சிவப்பு. ஒரு பெண் நீண்ட பலகையால் வாருகிறாள். காலில் கிழிந்த காலுறை போட்டிருக்கிறாள்." சொல்வதற்காகப் பார்க்கத் தொடங்கியதும், பல பத்தாண்டுகளாகப் போய்வந்த அந்தச் சாலை புதிதாகத் தெரிந்தது அவருக்கு. அடுத்த ஊர் எத்தனை கிலோமீட்டர் என்பது நினைவுக்கே வரவில்லை.

காட்டோரத்தில் இருக்கிறது கோடிக்குழகர் கோயில். சுந்தரரும் சேரமானும் வந்தபோது அது இன்னும் தனிமையாக இருந்திருக்க வேண்டும். கடற்காற்று வீசும் கரை. மரப்பொந்துகளில் ஆந்தையும் கூகையும் அலறும் காடு. அங்கே இறைவன் ஒருவனாய் இருப்பதைக் கண்டு மனம் பொறாத சுந்தரர், உமக்குத் துணை யார் என்று அவனையே கேட்டுப் பதிகம் பாடினார். தோழனுடன் வழிநடந்து வந்தவருக்கு, துணையில்லாதவன் கடவுளே ஆனாலும் காணச் சகிக்கவில்லை.

இதை ஆசிரியர் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அன்று சன்னிதியின் எதிரில் அமர்ந்து சொல்லும்போது குரல் தழுதழுத்தது.

"இருட்டுக்கு நான் பயப்படவில்லை. கண் போனபின், ஒருவருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று நானே ஒதுங்கிவிடுவேனோ என்றுதான் பயம். இந்தக் கோடியில் இவர் இருப்பதுபோல் தனியாக."

கணக்கருக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. ஆசிரியரே தொடர்ந்தார். "சுந்தரருக்கும் கண் போயிற்று. திருவொற்றியூரில் சங்கிலியாருக்குச் செய்த சபதத்தை மீறியதால் இரு கண்ணும் மறைந்தன. திருவெண்பாக்கத்தில் இறைவன் ஊன்றுகோல் கொடுத்தார். காஞ்சியில் இடக்கண்ணும், நம் ஆரூரில் வலக்கண்ணும் கிடைத்தன. எனக்குக் கண் திரும்பும் என்ற எண்ணம் இல்லை. ஊன்றுகோல் கிடைத்தால் போதும் என்றுதான் இப்போது வேண்டிக்கொண்டேன்."

எழுந்தபோது கணக்கர் கையை நீட்டினார். முதல் நாள் இழுத்துச் சென்ற கை அது. இன்று ஆசிரியர் அதைப் பற்றிக்கொண்டு, தம் காலடியின் வேகத்தில் படி இறங்கினார். அவர் நின்ற இடத்தில் அதுவும் நின்றது.

அதன்பின் பயணம் வேறொன்றாயிற்று. மதுரையில் பொற்றாமரைக் குளத்துப் படியில் அமர்ந்து, 170 அடி உயரமுள்ள தெற்குக் கோபுரத்தை ஆசிரியர் அடியிலிருந்து முடிவரை, ஏடு படிப்பதுபோல், நிலை நிலையாகப் பார்த்து முடிக்க ஒருமணி நேரம் ஆயிற்று. கணக்கர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவரும் உடன் படித்தார். மாலை மருந்து நேரம் வந்ததும், தெருவோரத் தேநீர்க் கடையில் நண்பனின் தலையைச் சாய்த்துப் பிடித்துச் சொட்டு மருந்தை ஊற்றினார். இரு கிழவர்களும் செய்வதைக் கடைக்காரப் பையன் வேடிக்கை பார்க்க, மூவரும் சிரித்தார்கள். குற்றாலமும் நெல்வேலியும் போகாமலே நின்றன. அதைப் பற்றி ஒருவரும் வருந்தவில்லை.

ஐந்தாம் நாள் இராமேச்சுரம். ஆயிரத்துக்கு மேற்பட்ட தூண்கள் நிற்கும் மூன்றாம் பிராகாரத்தில், இருபுறமும் நெருங்கி வந்து தொலைவில் ஒரு புள்ளியாகக் கூடும் பாதையைப் பார்த்துவிட்டு, "இந்தப் பிராகாரத்தை மட்டும் எல்லோரும் என்னைப்போலத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது" என்றார் ஆசிரியர்.

அந்தி வேளையில் அக்கினி தீர்த்தக் கரையில் அமர்ந்தார்கள். கடலுக்கு அப்பால், ஈழத்து மாதோட்டத்தில் இருக்கிறது திருக்கேதீச்சரம். சேரமானோடு இங்கு வந்த சுந்தரர் கடல் கடந்து செல்லவில்லை. இக்கரையில் இருந்தபடியே அக்கோயில் பெருமானை நினைந்து வணங்கிப் பதிகம் பாடினார் என்கிறது பெரியபுராணம்.

"கண்ணுக்கு எட்டாததையும் பாடியிருக்கிறார், பார்" என்றார் ஆசிரியர்.

"இப்போது என்ன தெரிகிறது உனக்கு?"

"கடல் தெரியவில்லை. சத்தம் கேட்கிறது. நீ சொல்."

கணக்கர் சொல்லத் தொடங்கினார். நிறம் மாறும் நீரையும், கரையேறும் படகையும், பிதுர்க்கடன் முடித்து ஈரத்துணியோடு கரையேறும் குடும்பத்தையும், அவர்களுள் தாத்தாவின் கையைப் பிடித்திருந்த சிறுவனையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். இருட்டிய பிறகும் இருவரும் எழவில்லை.

அன்றிரவு விடுதியில் கணக்கர் வழக்கம்போல் வரவு செலவு எழுதினார். இருபத்திரண்டில் ஏழு கோயில்களே முடிந்திருந்தன. அவற்றுள்ளும் முதல் மூன்றைக் கழித்தால் நான்கு. ஊர் திரும்பியதும் அந்த மூன்றுக்கும் மீண்டும் போவது என்று முடிவாயிற்று. திருவாரூரும் கீழ்வேளூரும் நாகையும் எங்கே ஓடிவிடப் போகின்றன!

சுந்தரருக்கும் சேரமானுக்கும் ஆடிச் சுவாதியில் ஒரே நாளில்தான் குருபூசை. அவர்கள் இருவரும் கயிலை சென்ற திருவஞ்சைக்களத்தில் அன்று அடியார்கள் கூடுவார்கள். கணக்கர் நாட்குறிப்பில் புதிய பக்கம் ஒன்றைத் திருப்பினார். கட்டம் போடாமல், நேரம் குறிக்காமல், அந்த ஓர் ஊரின் பெயரை மட்டும் எழுதினார். பிறகு விளக்கை அணைக்குமுன், நண்பனுக்குச் சொட்டு மருந்து ஊற்ற எழுந்தார்.