சுற்றி வந்த பை

மரைன் ஹில்லில் நான் சிறுவனாயிருந்தபோது, ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பா வின்சென்ட் தே பவுல் சபைக் கூட்டத்திற்குப் போவார். எங்கள் பங்கின் ஆடவர் சிலர் அதில் உறுப்பினர். வாசற்படியில் காத்திருக்கும் எனக்குப் பிடித்தது, கூட்டத்தில் சுற்றி வரும் துணிப்பை. ஒவ்வொருவரும் மூடிய கையை உள்ளே விடுவர். போட்டது எவ்வளவென்று பக்கத்திலிருப்பவருக்கும் தெரியாது. மாதக் கடைசியில் அப்பாவின் கை வெறுங்கையாகவே போய் வந்ததுண்டு. அது எனக்கும் அம்மாவுக்கும் தெரியும்!

இச்சபையைப் பாரிசு நகரில் 1833இல் தொடங்கியவர்கள், நண்பர்களே, பெரும்பாலும் நம்மைப் போன்ற மாணவர்கள்தாம். அவர்களுள் ஒருவரான பிரெடெரிக் ஓசானாமுக்கு அப்போது வயது 20. உங்கள் திருச்சபை இன்று ஏழைக்கு என்ன செய்கிறது என்று சக மாணவர் கேட்க, சொற்போரை விட்டு ஏழைகளின் வீடு தேடிப் போனார்கள்.

இருவர் இருவராகச் செல்வது சபை வழக்கம். ஒரு மழைநாளில் துணைக்கு ஆளின்றி அப்பா என்னை அழைத்துச் சென்றார். கதவைத் திறந்தவன் என் வகுப்புத் தோழன். அப்பா அரிசிப் பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, அவன் தாயாரிடம் மீன் விலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அரிசி என்ற சொல்லே எழவில்லை.

நானோ மறுநாளே பள்ளியில் உளறிவிட்டேன். அதன்பின் அவன் என்னருகில் உட்காரவேயில்லை. அப்பா என்னை அடிக்கவில்லை. மறுபடி அழைத்துச் செல்லவுமில்லை.

சென்ற விடுமுறையில் கப்பலேறி ஊர் போனேன். கூட்டத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். பையை ஏந்தி வந்தவன் அந்தத் தோழன். என் கை உள்ளே போனபோது முகத்தை வேறுபுறம் திருப்பிக்கொண்டான். எல்லாரிடமும் அப்படித்தான் செய்தான். ஆயினும் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.