கதவு திறந்திருக்கும் வேளை

தாம்பரத்தைச் சுற்றியுள்ள பங்குகளில் செவ்வாய்க்கிழமை என்றதும் புனித அந்தோனியாரே நினைவுக்கு வருவார். அன்று காலையில் நவநாள் செபத்திலும் திருப்பலியிலும் பங்குகொண்டு, பின்பு பிள்ளைகளுடன் வண்டலூருக்குச் சென்று வரலாம் என்று எண்ணும் குடும்பங்கள் உண்டு. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, கட்டுச்சோற்றுடன் இரயிலேறி வந்து, பூட்டிய வாயிலின்முன் நிற்கும் பிள்ளைகளின் முகவாட்டத்தைக் காணப் பெற்றோர் எவர்தாம் விரும்புவர்?

அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் வார விடுமுறை செவ்வாய்க்கிழமையே. கிண்டிப் பாம்புப் பூங்காவுக்கும், முட்டுக்காட்டிலுள்ள தட்சிண சித்ராவுக்கும் அதே நாளில்தான் விடுமுறை. எழும்பூர் அருங்காட்சியகமோ வெள்ளிக்கிழமையன்று மூடியிருக்கும்.

1855ஆம் ஆண்டில் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தோன்றிய மிருகக்காட்சி சாலை, 1985ஆம் ஆண்டில் வண்டலூரில் புதிய இல்லம் கண்டது. பரப்பு சுமார் 602 ஹெக்டேர். வழக்கமாகக் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை பார்வையாளரை அனுமதிக்கின்றனர். நடந்து பார்க்க அரைநாளாவது வேண்டுமாதலின், காலையிலேயே சென்றுவிடுவது நலம். பண்டிகை விடுமுறைகளில் செவ்வாயன்றும் திறப்பதாகச் சில வேளை அறிவிப்பதுண்டு, புறப்படுமுன் விசாரித்துக்கொள்க.

இத்தகைய ஒழுங்கு நமக்கு மட்டும் உரியதன்று. ஸ்டாக்ஹோம், ஆஸ்லோ, கோபன்ஹேகன் ஆகிய வடபுலத் தலைநகரங்களில் அருங்காட்சியகங்கள் பலவும் திங்கட்கிழமை மூடப்படுகின்றன. அங்கே பருவத்திற்கேற்ப நேரமும் மாறும். 1628ஆம் ஆண்டில் மூழ்கி 1961ஆம் ஆண்டில் மீட்கப்பட்ட வாசா கப்பலை, ஸ்டாக்ஹோமில் கோடையில் காலை 8.30 மணிக்கே சென்று காணலாம். மற்ற மாதங்களில் 10 மணிக்கே கதவு திறக்கும். ஜூன் மாதத்தில் அந்நகரில் இரவு 10 மணியளவிலேயே கதிரவன் மறைகிறான். டிசம்பரிலோ பிற்பகல் 3 மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுகிறான். நம் ஊரிலோ ஆண்டு முழுவதும் அந்திப்பொழுது ஏறக்குறைய ஒரு மணி நேரமே முன்பின்னாக மாறும். ஆகவே ஒரே நேரம் நமக்குப் போதுமானதாயிருக்கிறது.

மூடிய நாளைக் குறைகூற வேண்டா. அன்றுதான் அடைப்புகளைச் செப்பனிடவும், விலங்குகள் மக்களின் ஆரவாரமின்றி இளைப்பாறவும் வாய்ப்புக் கிடைக்கிறது. மோசேயின் சட்டம் ஓய்வுநாளின் இளைப்பாற்றியை எருதுக்கும் கழுதைக்கும்கூட உரித்தாக்கியதை நாம் அறிவோம். பூட்டிய அக்கதவு அதே இரக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் அன்றோ?

அப்படியானால், செவ்வாயன்று எங்கே செல்வது? பரங்கிமலை இருக்கிறது. ஏறத்தாழ 300 அடி உயரமுள்ள இப்புனித தோமையார் மலைமீது போர்த்துக்கீசியர் 1523ஆம் ஆண்டில் ஆலயம் எழுப்பினர். 1547ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவை இன்றும் அங்கே வணங்கப்படுகிறது. 1986 பிப்ரவரி 5ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இம்மலைக்கு வந்து செபித்தார். வெயில் ஏறுமுன் படியேறினால் முதியோர்க்கும் களைப்புக் குறையும். அங்கே நுழைவுச்சீட்டு வாங்க வேண்டுவதில்லை. அடக்கமான உடையும் அமைதியும் போதும்.

செவ்வாய்க்கிழமையைச் செபத்திற்கும் மலைக்கும் ஒதுக்குவோம். வண்டலூருக்கு வேறொரு நாள் குறிப்போம். பெற்றோரின் உழைப்பும் வீணாகாது. பிள்ளைகளின் மகிழ்ச்சியும் குறையாது.