கற்பிக்கச் சென்றவன் கற்றது

தொண்டு என்றால் உடையவன் இல்லாதவனுக்குக் கொடுப்பது என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர். அறிந்தவன் அறியாதவனுக்குக் கற்பிக்கிறான். வளமுடையவன் வறியவனுக்கு வழங்குகிறான். கொடுக்கும் கை உயர்ந்தும் பெறும் கை தாழ்ந்தும் இருப்பது உலக வழக்கு. ஆயினும், மொழியறியாத மக்களிடையே சென்று தொண்டாற்றியோரின் வரலாற்றை உற்று நோக்கினால் இக்கருத்து தடுமாறுகிறது. அங்கே கொடுக்கச் சென்றவனே முதலில் கையேந்த வேண்டியவனாகிறான். 1854-ஆம் ஆண்டு பசிபிக் பெருங்கடலிலுள்ள ஹவாய்த் தீவுகளுக்குச் சமயத் தொண்டனாகச் சென்ற பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனின் வாழ்வு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

ஜோசப் எஃப். ஸ்மித் என்பது அவன் பெயர். 1838-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பிறந்தான். அவனுடைய சிறிய தந்தையார் ஜோசப் ஸ்மித் 1830-இல் தோற்றுவித்த சமயப் பிரிவினரையே உலகம் மார்மன்கள் என அழைக்கிறது. 1844-இல் கார்த்தேஜ் நகரச் சிறையில் இருந்த அவனுடைய தந்தையையும் சிறிய தந்தையையும் வெறிகொண்ட கூட்டமொன்று சுட்டுக் கொன்றது. அப்போது அவனுக்கு ஐந்து வயது. கைம்பெண்ணான தாய் தம் மக்களுடன் 1848-இல் மேற்கே யூட்டா நோக்கிப் புறப்பட்டபோது, ஒன்பது வயதுச் சிறுவனாகிய அவன் மாட்டு வண்டியை ஓட்டிச் சென்றான். 1852-இல் தாயும் மறைந்தார். பதின்மூன்று வயதில் அவன் தாய் தந்தையற்றவனானான்.

பள்ளியிலும் அவனுக்கு நற்பெயர் வாய்க்கவில்லை. ஒருநாள் ஆசிரியர் அவனுடைய தங்கையைத் தோல் வாரால் அடிக்க முற்பட்டார். அடிக்க வேண்டாம் என்று அவன் தடுத்தான். சினம் அவன்மீது திரும்பியது. அவனோ ஆசிரியரையே எதிர்த்து அடித்துவிட்டான். அத்துடன் அவன் பள்ளி வாழ்வு முடிந்தது. பின்னர் 1854 ஏப்ரலில் நடைபெற்ற சபை மாநாட்டில், ஹவாய்க்குச் செல்லும் தொண்டர்களுள் ஒருவனாக அவன் பெயர் அறிவிக்கப்பட்டது. ஆசிரியரை அடித்துவிட்டுப் பள்ளியைவிட்டு வெளியேறிய சிறுவன், பிறருக்குக் கற்பிக்க அனுப்பப்பட்டான்!

மார்மன் சமயத் தொண்டர்களுக்கு ஊதியம் கிடையாது. அந்நாளில் வழிச்செலவுக்கும் தாமே உழைக்க வேண்டியிருந்தது. கலிபோர்னியாவில் கூரை வேயும் மரப்பலகைகள் செய்யும் வேலை பார்த்துக் கப்பற் கட்டணம் ஈட்டிய பிறகே அவனால் கடல் கடக்க முடிந்தது. 1854 செப்டம்பர் இறுதியில் ஹொனலூலு துறைமுகத்தில் இறங்கினான். அங்கிருந்து மாவி தீவிலுள்ள குலா என்னும் மலைச்சாரற் பகுதிக்கு அனுப்பப்பட்டான்.

அத்தீவுகளில் மார்மன் தொண்டு தொடங்கி நான்காண்டுகளே ஆகியிருந்தன. 1850 டிசம்பரில் வந்த முதற் குழுவினர் பதின்மர். வெள்ளையரிடையே சமயத்தைப் பரப்பலாம் என்றே அவர்களுட் சிலர் எண்ணி வந்தனர். தீவுகளிலோ வெள்ளையர் சிலரே இருந்தனர், அவர்களும் செவிசாய்க்கவில்லை. மண்ணின் மக்களுடைய மொழியைக் கற்பதைப் பெருந்துன்பமாகக் கருதிய சிலர் ஊர் திரும்பினர். ஜார்ஜ் கேனன் என்னும் இளைஞரோ அம்மொழியைக் கற்றே தீருவேன் என்று தங்கினார். மாவி தீவைச் சேர்ந்த ஜோனத்தன் நாபேலா என்னும் ஹவாய் அறிஞரின் துணையுடன் மார்மன் நூலை அவர் மொழிபெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பு 1855-இல் சான்பிரான்சிஸ்கோவில் அச்சேறியது.

சிறுவன் ஜோசப் சென்ற வழியும் அதுவே. புல்வேய்ந்த குடில்களில் மக்களோடு மக்களாகத் தங்கினான். அவர்கள் உண்ட உணவையே உண்டான். சேப்பங்கிழங்கை அவித்து, இடித்து, நீர்விட்டுப் பிசைந்த களியே அங்கு அன்றாட உணவு. முதலில் அது அவன் தொண்டைக்குள் இறங்கவில்லை. பின்னர் அதுவே அவனுக்குச் சோறாயிற்று. கேட்கும் சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினான். ஏறத்தாழ 100 நாள்களில் ஹவாய் மொழியில் மக்கள்முன் பேசவும் வழிபாடு நடத்தவும் தேர்ந்தான் என்று அவன் வரலாறு கூறுகிறது. இறையருளும் தன் இடைவிடாத முயற்சியுமே அதற்குக் காரணம் என்று அவன் நம்பினான். தவறாகப் பேசியபோதும் பொறுமையோடு கேட்ட அக்குடிசைவாசிகளே அவனுக்கு வாய்த்த நல்லாசிரியர்கள் என்பதையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும்.

ஹவாய் மொழி நம் வட்டாரத்திற்கு முற்றிலும் அயலானதன்று. மலாய் மொழியோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. மலாயில் ஐந்தைக் குறிக்கும் 'லீமா' என்னும் சொல் ஹவாய் மொழியில் கையையும் ஐந்தையும் குறிக்கிறது. மலாயில் 'மாத்தா' எனப்படும் கண், அங்கே 'மாக்கா' ஆகிறது. பன்னிரண்டே எழுத்துகளைக் கொண்டு அம்மொழியை அச்சிட்டு வந்தனர். அரசும் பள்ளியும் அம்மொழியில் இயங்கிய காலம் அது.

அவனுடைய தொண்டு வாழ்வு இன்பமயமானதன்று. 1856-இல் லானாய் தீவில் தொண்டர்கள் தங்கியிருந்த வீடு தீப்பற்றி எரிந்தது. அவனுடைய உடைகளும் நூல்களும் நாட்குறிப்புகளும் சாம்பலாயின. அதன்பின் சில காலம் அவனுக்கும் அவன் தோழனுக்கும் சேர்த்து ஒரே ஓர் உடைதான் இருந்தது. ஒருவன் அதனை அணிந்து கூட்டத்திற்குச் சென்றால் மற்றவன் படுக்கையிலேயே கிடக்க வேண்டும். ஒரு வெள்ளையரை ஏறெடுத்துப் பார்க்கவும் கூசும் அளவுக்குத் தன் வறுமையையும் அறியாமையையும் எண்ணி அந்நாளில் குன்றிப்போனதாகப் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்தார். ஏழை ஹவாய் மக்களின் நட்பைத் தவிர வேறு துணையில்லை என்றும் குறிப்பிட்டார்.

அந்நட்பு எத்தகையது என்பதைக் கடுங்காய்ச்சல் காட்டியது. நோயுற்றுக் கிடந்த அவனை மனுஹீ என்னும் ஹவாய்ப் பெண்மணி தம் இல்லத்தில் வைத்துப் பேணினார். அவன் பேச வந்த சமயம் எது, அவன் தோலின் நிறம் எது என்பவை அப்போது அவருக்குப் பொருளாகத் தோன்றவில்லை. தாயற்ற ஒரு பிள்ளை தம் வாயிலில் நோயோடு கிடக்கிறான் என்பதே அவர் கண்டது. அன்னையை இழந்து ஈராண்டில் கடல் கடந்து வந்தவனுக்கு, அவர் இன்னோர் அன்னையானார். ஹவாய் மக்கள் அவன் பெயரைத் தம் நாவிற்கேற்ப 'இயோசெபா' என்று மாற்றியழைத்தனர்.

1857-இல் அவன் தாயகம் திரும்பினான். தீவுகளுடனான உறவு அத்துடன் முடியவில்லை. 1864-இல் மீண்டும் அங்குச் சென்றார். 1885 முதல் 1887 வரை ஓவாஹு தீவின் லாயி என்னும் ஊரில் வாழ்ந்தார். 1889-இல் யூட்டாவின் பாலைநிலத்தில் குடியேறிய ஹவாய் மார்மன்கள், தங்கள் சிற்றூருக்கு அவர் நினைவாக இயோசெபா என்றே பெயரிட்டனர். 1901-இல் அவர் தம் சபையின் தலைவரானார்.

இதற்கிடையே தீவுகளின் நிலை மாறிவிட்டது. 1893-இல் அரசியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1896-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தையே பயிற்றுமொழியாக்கியது. 1898-இல் தீவுகள் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டன. தாய்மொழி பேசிய குழந்தைகள் பள்ளியில் தண்டிக்கப்பட்ட காலமும் வந்தது. 1978-இல்தான் ஹவாய் மொழி மீண்டும் ஆட்சிமொழித் தகுதி பெற்றது. அம்மொழி இவ்வாறு ஒடுக்கப்பட்ட நாள்களில், இளமையில் கற்ற அதனை மறவாத முதியவராக அவர் ஹவாய் வந்தார்.

உடன் சென்ற சார்லஸ் நிப்லி என்பார் அக்காட்சியைப் பதிவு செய்துள்ளார். ஹொனலூலு துறைமுகத்தில் மலர்மாலைகளுடன் மக்கள் திரண்டிருந்தனர். அக்கூட்டத்தினிடையே ஏறத்தாழத் தொண்ணூறு வயதுடைய, பார்வையிழந்த மூதாட்டி ஒருவர் 'இயோசெபா' என்று அழைத்தவாறே வந்தார். அவர் கையில் சில வாழைப்பழங்கள் இருந்தன. கொண்டுவர அவரிடம் வேறொன்றும் இல்லை. சபைத் தலைவர் ஓடிச்சென்று அவரை அணைத்து 'அம்மா' என்று கூவினார். கண்ணீர் வழிய நிப்லியிடம் திரும்பி, தாம் நோயுற்றுத் துணையின்றிக் கிடந்த சிறுவயதில் தம்மைப் பேணிய தாய் அவர் என்று எடுத்துரைத்தார்.

அவர் பரப்பிய சமயக் கொள்கைகளை ஏற்போரும் மறுப்போரும் உண்டு. அவற்றை ஆராய்வது இங்கு நோக்கமன்று. ஆசிரியப் பணிக்கு இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. தோல் வாரோடு நின்ற ஆசிரியரிடம் அச்சிறுவன் பணியவில்லை. களியூட்டி, மொழியூட்டி, நோயில் காத்த எளிய மக்களிடம் முழுமனத்தோடு கற்றான். அவர்களிடம் மாணவனாக இருந்ததனாலேயே அவர்களுக்கு ஆசிரியனாகும் தகுதியும் பெற்றான். தம்முன் அமரும் பிள்ளைகளின் மொழியையும் பசியையும் வீட்டுச் சூழலையும் கற்றறியும் ஆசிரியருக்கும் அத்தகுதி கைகூடும். அவருடைய பெயரை அறுபது ஆண்டுகள் கழித்தும் அன்போடு அழைக்க யாரேனும் ஒருவர் இருப்பர்.