ஆத்துக்கு அந்தப் பக்கம் மாமா வீடு!

மிசோரமின் பெரிய ஏரி எங்கே இருக்கு? மியான்மரில்! கடி ஜோக் இல்லை பாஸ்... மிசோ மக்களே சிரிச்சுக்கிட்டே சொல்ற பதில் இது. ஏரியின் பேர் ரி தில். இறந்தவங்களோட ஆவி இந்த ஏரி வழியாத்தான் மேலுலகம் போகும்ங்கிறது அவங்க முன்னோர் நம்பிக்கை. அதைத் தேடிக் கிளம்பினா, இந்தியப் பக்கம் கடைசி ஊர் ஜோக்காவ்தார்.

ஐசாலில் ஷேர் சுமோ பிடிங்க. சுமார் 190 கி.மீ. மலைப் பாதை. இடுப்பு கழன்று சம்பாய் வந்து சேர்வீங்க. 1,600 மீட்டருக்கும் மேல ஊர். கீழே பாய் விரிச்ச மாதிரி நெல் வயல். கடை போர்டுகளைக் கடகடன்னு வாசிச்சிடலாம். மிசோ மொழியை எழுதுறது ஆங்கில எழுத்தில்தான். என்ன, அர்த்தம்தான் புரியாது! 'க லோம் எ' மட்டும் கத்துக்குங்க. நன்றின்னு அர்த்தம்.

அங்கிருந்து மலையிறங்கினா தியாவ் ஆறு, மேலே ஒரு பாலம். எதிர்க்கரை மியான்மரின் சின் மாநிலம். 1937-ல் பர்மாவை பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து பிரிச்சாங்க. ஆறு நாட்டு எல்லையாச்சு. ஆனா மிசோக்களும் சின் மக்களும் பங்காளிங்க. கல்யாணம், சாவு எல்லாம் ஆத்தைத் தாண்டியும் உண்டு.

2021-ல் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடிச்ச பிறகு 30,000 பேருக்கும் மேல மிசோரமுக்குத் தஞ்சம் வந்தாங்க. 2023 நவம்பரில் எதிர்க்கரையில் சண்டை மூண்டப்ப மட்டும் சுமார் 5,000 பேர். சர்ச்சுகளும், 1935-ல் தொடங்கின யங் மிசோ அசோசியேஷனும் ஓடி ஓடி உதவினாங்க. நம்ம வயசுப் பசங்களும் அதில் உண்டு.

முன்பு ரெண்டு பக்கமும் 16 கி.மீ. வரை விசா இல்லாமப் போய்வரலாம். கடத்தல், ஊடுருவலைக் காரணம் காட்டி, அதை நிறுத்தப்போறதா 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவிச்சது. மிசோரம் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. அந்த ஆண்டு கடைசியில் வந்த விதிப்படி 10 கி.மீ.தான், அதுவும் பார்டர் பாஸோட. போதைப் பொருள் இந்த வழியா வர்றது நிஜம்தான். ஆனா, மாமா சாவுக்குப் போக பாஸ் வாங்கணும்னா உங்களுக்கு எப்படி இருக்கும்?

கிளம்புறீங்களா? இன்னர் லைன் பெர்மிட் கட்டாயம். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது. எல்லை நிலவரத்தை விசாரிச்சுட்டுப் போங்க. பார்டர் பாஸ் அந்த ஊர்க்காரங்களுக்குத்தான், நமக்கு இல்லை. அதனால ஏரி கண்ணில் படாம போகலாம். கவலையை விடுங்க. ஆத்தங்கரையில் கொஞ்ச நேரம் நில்லுங்க. வர்றவங்க, போறவங்க முகத்தைப் பார்த்து யார் எந்த நாடுன்னு சொல்ல முடியுதா, டிரை பண்ணுங்க!