பையில என்ன, கல்லா?

இன்னமும் பிலிம் போட்டுப் படமெடுக்கிற ஆசாமிகளில் நானும் ஒருவன். 'செல்போன்லயே எல்லாம் வருதே சார்' என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. அந்தச் சண்டையை வேறொரு வாரம் வைத்துக்கொள்ளலாம். இந்த வாரம் பை. கேமராவைப் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு போகிற, ஆனால் உள்ளே கேமரா இருப்பது தெரியாத பை.

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிற பஸ்ஸில் தூங்கிக்கொண்டே பெரம்பலூரைக் கடந்தவர்கள்தான் நம்மில் அநேகம் பேர். ஊருக்கு ரயிலும் கிடையாது. ஆனால் படமெடுக்கிறவனுக்கு அந்தப் பக்கம் ஒரு புதையல். சாத்தனூரில் பதினெட்டு மீட்டருக்கு மேல் நீளமாக ஒரு மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது. டைனோசர்கள் உலாவிய காலத்து மரம். கடலில் அடித்துவரப்பட்டு, சேற்றில் புதைந்து, கல்லானது. 1940ல் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த எம்.எஸ்.கிருஷ்ணன்தான் அதை உலகுக்குச் சொன்னார். காரைப் பக்கம் போனால் புல்லும் முளைக்காத, மழை அரித்த செம்மண் மேடுகள். குனிந்து பார்த்தால் காலடியில் கடல் பிராணிகளின் மிச்சம். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், லாரிகள், சிமென்ட் ஆலைப் புகைபோக்கிகள். இன்னும் தள்ளிப்போனால் கங்கைகொண்ட சோழபுரம். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது போகிறேன்.

முதலில் ஒரு முறையான கேமரா பையோடுதான் போய்க்கொண்டிருந்தேன். கறுப்பு, கட்டமாக, உள்ளே மெத்து மெத்தென்று தடுப்புகள், வாரில் மஞ்சளாகக் கம்பெனிப் பேர். கேமராவுக்கு அது அரண்மனை. திருட்டு பயம்? அந்த ஊர்களில் என் பையை ஒருத்தர் தொட்டது கிடையாது. சிக்கல் வேறு மாதிரி வந்தது.

பெரம்பலூருக்குக் கிழக்கே ஒரு வயலில் சின்ன வெங்காயம் அறுவடை. ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து தாளை அரிந்து குவித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல சாய்வெயில். வரப்பில் போய் நின்றேன், அவ்வளவுதான். பேச்சு நின்றுபோயிற்று. ஒரு ஆயா எழுந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"என்னங்க சார், நெலம் அளக்க வந்திருக்கீங்களா?"

இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் சிரிக்கத் தோன்றாது. ஜயங்கொண்டம் பகுதியில் பழுப்பு நிலக்கரித் திட்டம் என்று 1990களில் நிலம் எடுத்தார்கள். நிலக்கரி வரவில்லை. இழப்பீட்டு வழக்குதான் வருஷக்கணக்கில் நடந்தது. பெரம்பலூர் பக்கம் 2000களில் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று ஆயிரக்கணக்கான ஏக்கர் கைமாறியது. சுண்ணாம்புக்கல் சுரங்கம் தோண்டத் தோண்டப் பக்கத்து வயல்காரருக்குத் தூக்கம் போகும். பேன்ட் சட்டையோடு, பெட்டி மாதிரி ஒரு பையை மாட்டிக்கொண்டு வரப்பில் நிற்கிறவன் அங்கே நல்ல சேதி கொண்டுவந்ததாகச் சரித்திரம் இல்லை.

'படம் எடுக்கத்தான் ஆயா' என்றேன். சரி என்றார்கள். எடுத்தேன். கழுவிப் பார்த்தால் வெங்காயம் இருக்கிறது, வெயில் இருக்கிறது, எட்டு முகத்திலும் அந்தக் கேள்வி அப்படியே இருக்கிறது. பையைத் தூக்கிப் பரணில் போட்டேன்.

கண்ணை உறுத்தாத பை என்பது உலகத்துப் போட்டோகிராபர்கள் எல்லாருடைய கவலையும்தான். பிலடெல்பியாவில் ஜிம் டோம்கி என்கிற பத்திரிகைப் படக்காரர் 1970களில் தனக்கென்று ஒரு கான்வாஸ் பை தைத்துக்கொண்டார். மெத்தை அதிகம் வைக்காமல், உடம்போடு ஒட்டிக்கொள்கிற மாதிரி. இங்கிலாந்தில் பில்லிங்ஹாம் என்கிறவர் மீன் பிடிக்கப் போகிறவர்களுக்காகப் பை தைத்து விற்றுக்கொண்டிருந்தார். அதை நியூயார்க் போட்டோகிராபர்கள் கேமராவுக்கென்று வாங்குவது தெரிந்ததும் கேமரா பைக்காரராகிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், அடையாளம் தெரியக்கூடாது என்று பிறந்த இந்தப் பைகளே இன்றைக்குப் பெரிய நகரங்களில் 'இதோ வர்றார் போட்டோகிராபர்' என்று கட்டியம் கூறுகின்றன. விலையோ, நான் வைத்திருக்கிற இரண்டு கேமராக்களின் விலைக்குச் சமீபம்.

நமக்கு எதற்கு மீன்காரர் பை? ஜோல்னாப் பை இருக்கிறதே! கவிஞர், கட்சித் தோழர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஜோசியர் எல்லாரும் மாட்டுகிற பை. அதைப் பார்த்து யாரும் பயந்ததில்லை. மிஞ்சிப்போனால் 'கவிதை வாசிச்சிடுவானோ' என்கிற பயம்தான்.

ஆனால் வெறும் ஜோல்னாவில் கேமரா போடுவது பாவம். வாய் திறந்தே கிடக்கும். அடியில் கனம் சேர்ந்து ஊஞ்சலாடும். டவுன் பஸ்ஸில் ஏறும்போது கம்பியில் 'ணங்'. அதனால் ஒரு ஏற்பாடு செய்தேன். ஸ்கூல் பைக்கு ஜிப் மாற்றிக் கொடுக்கிற ஒருவர் எங்கள் தெருமுனையில் உட்கார்ந்திருப்பார். தடிமனான காடாத்துணியில் காக்கி நிறத்தில் ஜோல்னா மாதிரியே ஒரு பை, மேலே மடிந்து மூடுகிற நீளமான மூடி, உள்ளே தனியாக எடுக்கக்கூடிய ஃபோம் பெட்டி ஒன்று, நடுவில் ஒரு தடுப்பு. வாரை மூன்று விரல் அகலம் வைக்கச் சொன்னேன். நிக்கான் எஃப்.எம்.2, ஒரு பழைய யாஷிகா இரட்டை லென்ஸ், பிலிம் எல்லாம் சேர்ந்து இரண்டு கிலோவுக்கு மேல். ஒல்லி வார் என்றால் மத்தியானத்துக்குள் தோளை அறுத்துவிடும்.

"வெல்க்ரோ வெச்சிரட்டுமா சார்?" என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். கங்கைகொண்ட சோழபுரத்து மகாமண்டபத்தில் 'சர்ர்ர்' என்று வெல்க்ரோவைப் பிரித்துப் பாருங்கள், ராஜேந்திர சோழனே திரும்பிப் பார்ப்பார். ஜிப்பும் வேண்டாம், கேமராவை அவசரமாக எடுக்கும்போது பல் கீறும். இரண்டு பெரிய மரப் பித்தான் போதும்.

மூடி நீளமாக இருப்பதற்குக் காரணம் புழுதி. சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற சாலையில் ஒரு மணி நேரம் நின்றால் புருவமெல்லாம் நரைத்துவிடும். டிஜிட்டலில் தூசி விழுந்தால் துடைக்கலாம். பிலிம் கேமராவின் உள்ளே ஒரு மணல் துகள் போய் உட்கார்ந்தால், பிலிம் நகர நகர முதல் படத்திலிருந்து முப்பத்தாறாவது படம் வரை ஒரே நேர்கோடு கிழித்துவிடும். காக்கி நிறத்துக்குக் காரணம் வெயில். காரையில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. கறுப்புப் பை வெயிலைக் குடித்துக் குடித்துக் கலர் பிலிமை வேகவைத்துவிடும்.

பையின் உண்மையான பரீட்சை பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற பஸ்ஸில் நடந்தது. நல்ல கூட்டம். உட்கார்ந்திருக்கிறவர்கள் நிற்கிறவர்களின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்கிற அந்த அருமையான பழக்கம் உங்களுக்குத் தெரியுமே. ஜன்னலோரம் இருந்த பெரியவர் கேட்காமலேயே கை நீட்டினார். கொடுத்தேன். பழைய பையாக இருந்தால் அவர் நீட்டியிருக்கவும் மாட்டார், நான் கொடுத்திருக்கவும் மாட்டேன்.

மடியில் வைத்ததும் திடுக்கிட்டார். "என்னப்பா இது, பையில என்ன, கல்லா?"

இது அந்த ஊருக்கே உரிய கேள்வி. காரைப் பக்கம் வருகிறவர்களில் சிலர் கோடிக்கணக்கான வருஷத்துக் கல் நத்தைகளைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். வாரணவாசியில் அவற்றுக்கென்றே அருங்காட்சியகம் கட்டி வைத்திருக்கிறது. இவர்களுக்கு வீட்டு ஷோகேஸில் வைத்தால்தான் திருப்தி. "கேமராங்கய்யா" என்று மூடியைத் தூக்கிக் காட்டினேன். யாஷிகாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "எங் கல்யாணத்துக்கு இதத்தான் கொண்டாந்தாங்க. குனிஞ்சு பாத்து எடுப்பாரு!"

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பை மறைப்பதற்குத்தான். ஆனால் யாரிடமிருந்து, எதுவரைக்கும்? பையில் ஓட்டை போட்டு லென்ஸை நுழைத்து, தெரியாமல் எடுக்கிறவர்களும் உண்டு. எனக்கு அது ஒப்புக்கொள்ளவில்லை. கார்த்தியே-பிரஸ்ஸான் தன் லைக்காவின் பளபளப்பைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்தார், உண்மை. தெருவில் போகிற கூட்டத்துக்கு அது சரி. வயலில் உட்கார்ந்திருக்கிற ஆயாவுக்குச் சரியில்லை. ஏற்கெனவே அவரைக் கேட்காமல் அவர் நிலத்தை வரைபடத்தில் குறித்தவர்கள் இருக்கிறார்கள். முகத்தையும் கேட்காமல் எடுக்க வேண்டுமா? எனவே என் கணக்கு இது: பஸ்ஸிலும் டீக்கடையிலும் பை மூடியிருக்கும். உட்கார்ந்து, விலை என்ன போகிறது, மழை எப்படி என்று பேசி, அப்புறம் அவர்கள் பார்க்கவே பித்தானைக் கழற்றி, எல்லாரும் பார்க்கக் கேமராவை எடுப்பேன். வேண்டாம் என்றால் திரும்ப உள்ளே போய்விடும். போயிருக்கிறது, பல தடவை.

யாஷிகாவுக்கு இதில் ஒரு சௌகரியம். தலை குனிந்துதான் படமெடுக்க முடியும். குனிகிறவனைப் பார்த்து யாரும் மிரளுவதில்லை.

நீங்களும் இப்படி ஒரு பை தைக்கக் கொடுப்பதானால், முதுகுப்பக்கம் தட்டையாக ஒரு அறை வைக்கச் சொல்லுங்கள். போஸ்ட் கார்டு அளவு பிரிண்ட்கள் கசங்காமல் நிற்கிற மாதிரி. எடுத்த படத்தை அடுத்த தடவை போகும்போது கொண்டுபோய்க் கொடுக்க அது வேண்டும். முன்பக்கம் ஒரு பாக்கெட்டைக் காலியாக விட்டுவையுங்கள். படத்தைக் கொடுத்தால் அவர்கள் வெறும் கையோடு அனுப்பமாட்டார்கள். வெங்காயம், பச்சைக் கடலை, ஒரு தடவை நான்கு மக்காச்சோளக் கதிர்.

பெரியவரைப் பஸ்ஸிலேயே எடுத்தேன், அனுமதி கேட்டுத்தான். சட்டைப் பித்தானை மேல்வரைக்கும் போட்டுக்கொண்டு, என் பையை மடியில் அணைத்தபடியே உட்கார்ந்தார். நன்றாக வந்திருக்கிறது. பேர் சொல்வதற்குள் அவர் ஊர் வந்துவிட்டது. பையைக் கையில் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார். உறைமேல் நிறுத்தத்தின் பேரை மட்டும் எழுதி, அந்தத் தட்டையான அறையில் வைத்திருக்கிறேன். தை பிறந்ததும் போகவேண்டும்.